ஆட்டமும் ஆடுவோரும்

தமிழில் 'விளையாட்டாகச் செய்தான்' என்று ஒரு வழக்கு உண்டு. கருத்தின்றிச் செய்தான் என்பது அதன் பொருள். அவ்வழக்கை உண்டாக்கியவர்கள் ஆடிக்கொண்டிருக்கும் சிறுவனின் முகத்தைக் கூர்ந்து நோக்கியவர் அல்லர் போலும்! ஆட்டத்தில் அவன் செலுத்தும் கருத்தைப் பாடத்தில் காண்பது அரிது. இக்காலத்தில் கணினியிலும் கைப்பேசியிலும் ஆடப்பெறும் 'வீடியோ கேம்' என்னும் விளையாட்டுகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால், பெரியோர் முதலில் கேட்கும் வினா ஒன்றே: "நாள்தோறும் எத்தனை மணி நேரம் ஆடுகிறான்?" எதை நாடி ஆடுகிறான் என்று கேட்பவர் மிகச் சிலர்.

அவ்வினாவை ஆடுவோர் தமக்குள்ளேயே எழுப்பி ஆராய்ந்தது உண்டு. இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவராகிய ராய் டிரப்ஷா 1978ஆம் ஆண்டில் 'மட்' என்னும் கணினி விளையாட்டைத் தொடங்கினார். அவருடன் பயின்ற ரிச்சர்டு பார்ட்டில் அதனை வளர்த்து நிறைவாக்கினார். அவ்விளையாட்டில் படம் இல்லை, ஒலி இல்லை, யாவும் எழுத்தே. ஆடுவோன் நிற்கும் இடத்தைத் திரை சொற்களால் விளக்கும். அவன் 'வடக்கே செல்' என்பது போன்ற கட்டளையைத் தட்டெழுதுவான். உடனே வேறோர் இடம் சொற்களில் விரியும். பலர் ஒரே வேளையில் அவ்வுலகினுள் புகுந்து உலவலாம், ஒருவரோடொருவர் உரையாடலாம், போரிடவும் செய்யலாம். இன்று எண்ணற்றோர் கூடி ஆடும் பெரிய விளையாட்டுகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி.

இத்தகைய விளையாட்டில் மக்கள் விரும்புவது யாது என்னும் வினா, தேர்ந்த ஆட்டக்காரரிடையே 1989ஆம் ஆண்டின் இறுதியில் எழுந்தது. திங்கள் பல அது நீண்டது. பார்ட்டில் அவர்தம் கருத்துகளைத் தொகுத்து நோக்கி, 1996ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆடுவோரை அவர் நான்கு வகையினராகப் பிரித்து, சீட்டுக்கட்டின் நான்கு குறிகளை அவர்க்கு அடையாளமாகத் தந்தார்.

வைரக் குறிக்கு உரியவர் வெற்றி நாடுவோர். புள்ளியும் பொருளும் பதவியும் அவர்தம் வேட்கை. மட்டில் போதிய புள்ளிகளைச் சேர்த்தவன் மந்திரவாதி என்னும் உயர்நிலையை எய்துவான். அதற்காக உறக்கத்தையும் மறந்து ஆடியோர் இருந்தனர். மண்வெட்டிக் குறிக்கு உரியவர் தேடலாளர். புதையல் கிடைத்தால் அவர்க்கு மகிழ்ச்சிதான். ஆயினும் புதையல் அங்கு எவ்வாறு வந்தது, பூட்டிய கதவு எதனால் திறந்தது, படைத்தவர் எங்கே பிழை விட்டிருக்கிறார் என்பன அறிதலே அவர்க்குப் பேரின்பம். மண்ணைக் கிளறிக் கிளறிப் பார்ப்பவர்கள் இவர்கள். ஆய்வுக் கூடத்திற்குச் செல்ல வேண்டிய அறிவு விளையாட்டுத் திரைக்கு வந்துவிட்டதோ என்று எண்ணத் தோன்றும்! நெஞ்சக் குறிக்கு உரியவர் நட்பு நாடுவோர். அவர்க்கு ஆட்டம் ஒரு திண்ணை. அங்கே அமர்ந்து பேசுவதே பயன். எஞ்சியது தடி. பிறரை வீழ்த்துவதிலும் துன்புறுத்துவதிலும் களிப்போர் அவ்வகையினர். தடியேந்துவோர் பெருகினால் நட்பு நாடுவோர் அவ்வுலகைவிட்டு அகல்வர் என்று பார்ட்டில் குறித்துள்ளார். திரையுலகிற்கு மட்டும் உரிய உண்மையா அது?

ஒருவனிடத்தே இந்நான்கு இயல்புகளும் கலந்திருத்தல் கூடும். ஏதேனும் ஒன்று விஞ்சி நிற்கும். வகை இவ்வாறாக, ஈடுபாட்டின் அளவு வேறு. ஜோஷ் வார்டில் என்பவர் தம் துணைவியாருக்காக அமைத்த 'வேர்டில்' என்னும் சொல் விளையாட்டு 2021ஆம் ஆண்டில் எல்லாருக்கும் பொதுவாக வெளிவந்தது. ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றை ஆறு முயற்சிக்குள் கண்டறிதல் வேண்டும். நாளொன்றுக்கு ஒரே சொல். கண்டபின் மறுநாள் வரை காத்திருக்க வேண்டியதுதான். தேநீர் அருந்தும் நேரத்தில் ஆடி முடித்துத் தம் வேலைக்குத் திரும்புவோர்க்கு அது ஏற்றது.

மற்றொரு கோடியில் நிற்போரும் உளர். மாஸ்கோ நகரில் அலெக்சி பஜித்னோவ் என்னும் அறிஞர் 1984ஆம் ஆண்டில் 'டெட்ரிஸ்' விளையாட்டை அமைத்தார். மேலிருந்து விழும் கட்டங்களை இடைவெளியின்றி அடுக்குவதே ஆட்டம். நிண்டெண்டோ கருவிக்கென 1989இல் வந்த டெட்ரிஸில் 29ஆம் படியை எட்டியதும் கட்டங்கள் விழும் வேகம் கைக்கு அடங்காது. அதுவே எல்லை என்று நெடுங்காலம் நம்பினர். பின்னர் வந்த இளைஞர், பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்துவதற்கு மாறாக, கருவியின் பின்புறத்தைப் பல விரல்களால் அடுத்தடுத்துத் தட்டும் முறையைக் கண்டனர். அம்முறையில் பயின்ற அமெரிக்கச் சிறுவன் ஒருவன், 13 வயதினன், 2023ஆம் ஆண்டு டிசம்பரில் 157ஆம் படி வரை சென்றான். கணினி நிரல் தாங்காமல் ஆட்டமே உறைந்து நின்றது! மாந்தர் எவரும் அதற்குமுன் அவ்விளையாட்டை அந்நிலைக்குக் கொண்டுசென்றதில்லை. செய்தி வாசித்த பெண்மணி ஒருவர், அச்சிறுவன் திரையை விட்டு வெளியே சென்று நல்ல காற்று வாங்கலாமே என்று அறிவுரை கூறினார். வீணைக்கு விரலைப் பழக்கியிருந்தால் அவ்வறிவுரை எழுந்திராது.

எனினும், ஆட்டத்தை ஆள்வோரேயன்றி ஆட்டத்தால் ஆளப்படுவோரும் உண்டு. அதை மறைத்தல் தகாது. தென்கொரியா 2011ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தது. 16 வயது நிரம்பாதவர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடலாகாது என்பது அது. பத்தாண்டு நடந்தபின் அச்சட்டம் நீக்கப்பட்டது. சட்டம் கடிகாரத்தை நோக்கிற்று. மருத்துவர் மனிதனை நோக்கினர். உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஏற்று, 2022 முதல் நடைமுறைப்படுத்திய நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு என ஒன்று உண்டு. நிறுத்த எண்ணியும் நிறுத்த இயலாமை, பிற கடமைகளுக்கெல்லாம் மேலாக ஆட்டத்தை வைத்தல், கேடு விளைவது கண்டும் தொடர்தல் ஆகிய இவை பொதுவாக 12 திங்கள் அளவேனும் காணப்பட்டு, வாழ்வைச் சிதைத்தால் அது நோய். இத்தனை மணி நேரம் ஆடினால் நோய் என்று அப்பட்டியல் கூறவில்லை.

மணிக் கணக்கால் மட்டும் அளந்தால் நார்வே நாட்டு மாட்ஸ் ஸ்டீன் மிகக் கொடிய நோயாளி என்றே முடிவாகும். 1989இல் பிறந்த அவ்விளைஞர்க்குத் தசைகள் ஆண்டுக்கு ஆண்டு நலியும் பிறவிப் பிணி இருந்தது. சக்கர நாற்காலியே கால்; இறுதி ஆண்டுகளில் விரல்களுக்கு மட்டுமே சிறிது அசைவு. 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் விளையாட்டில் 'இபெலின்' என்னும் பெயர் பூண்டு பல்லாயிரம் மணி நேரம் அவர் உலவினார். அங்கே அவர் ஓடினார், குதிரை ஏறினார், நண்பரோடு கூடித் திரிந்தார். தம் நோயைப் பற்றி நெடுங்காலம் அவர்களிடம் வாய் திறந்தாரில்லை. மகன் நட்பும் அன்பும் அறியாமல் அறைக்குள் தனிமையில் தேய்கிறானே என்று பெற்றோர் வருந்தினர். 2014ஆம் ஆண்டு நவம்பரில், 25ஆம் வயதில், மாட்ஸ் மறைந்தார்.

மகன் இணையத்தில் எழுதிவந்த பக்கத்தின் வழியே தந்தையார் அச்செய்தியை அறிவித்தார். பதில் வருமென்று அவர் பெரிதும் எதிர்பார்த்தவர் அல்லர். மடல்கள் வந்தன, ஒன்றன்மேல் ஒன்றாக, பல நாடுகளிலிருந்து வந்தன. மனம் சோர்ந்து, கணினியையும் பெற்றோரிடம் இழந்திருந்த நெதர்லாந்துப் பெண்ணொருத்திக்காக, அவளுடைய பெற்றோர்க்கு இபெலின் பரிந்து மடல் எழுதியதை ஒன்று கூறிற்று. தன்னோடு ஒட்டாதிருந்த மகனை விளையாட்டுக்குள் சென்று சந்திக்குமாறு அவர் சொன்னதையும், அதனால் மகன் நெருங்கி வந்ததையும் டென்மார்க்குத் தாய் ஒருத்தி தெரிவித்தாள். பெற்றோர் இருவரும் அமர்ந்து அவற்றைப் படித்தனர், அழுதனர், மீண்டும் படித்தனர். ஆஸ்லோவில் நிகழ்ந்த இறுதிச் சடங்கிற்கு, மாட்ஸின் முகத்தை ஒருநாளும் நேரில் கண்டிராத நண்பர் சிலர் அயல்நாடுகளிலிருந்து வந்து, குடும்பத்தாரோடு நின்றனர்.