ஐந்தாவது ஆள்

கோல்ஃப் என்றால் நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கதாநாயகியின் பணக்கார அப்பா வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு புல்வெளியில் நிற்பார். ஏழைக் கதாநாயகன் வந்து பெண் கேட்பான். அவர் பந்தை விட்டுவிட்டு அவனை முறைப்பார். இடைவேளை!

சென்னைவாசிகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் ஞானம் உண்டு. நந்தனத்தில் பஸ் நிற்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் பச்சைப்பசேலென்று தெரிவது கோல்ஃப் மைதானம். சுவருக்கு இந்தப் பக்கம் டீசல் புகை. அது நம்முடையது.

நானும் இந்தப் பக்கத்து ஆசாமிதான். சென்னையில் ஒரு கம்பெனியில் ஏழு வருஷம் டி.ஏ. பில் பாஸ் பண்ணியவன். பஸ்ஸில் போய்விட்டு ஆட்டோ என்று எழுதுகிறவர்கள், ஆட்டோவில் போய்விட்டு டாக்ஸி என்று எழுதுகிறவர்கள், எங்கேயுமே போகாமல் ஃப்ளைட் என்று எழுதியவர் ஒருவர்... எல்லாரையும் பார்த்தாகிவிட்டது. கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவனுக்கு மனித குலத்தின் மேல் அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இருக்காது. இது தொழில் வியாதி.

மனைவிக்கு அமெரிக்காவில் வேலை கிடைக்க, பின்னாலேயே ஓஹையோ போய்ச் சேர்ந்தேன். ஒரு சின்னக் கல்லூரியின் ஆபீஸில் எனக்கும் அதே கணக்குப் பிரிவு! விதி வலியது.

2024 மார்ச்சில் ஒருநாள் கல்லூரியின் கோல்ஃப் கோச் வந்து நின்றார். "பையன்களை ஃப்ளோரிடா கூட்டிப் போகணும். வேன் ஓட்ட இன்னொரு ஆள் வேணும். உங்களுக்கு லைசென்ஸ் இருக்காமே?"

வீட்டில் சொன்னேன்.

"ஏங்க, கோல்ஃபுக்கா? உங்களுக்குக் கிட்டிப்புள்ளே தெரியாதே!"

"நான் விளையாடப் போகலை. வேன் ஓட்டப் போறேன்."

"அப்ப சரி" என்று புளியோதரை கிளறிக் கொடுத்தாள்.

அமெரிக்கக் கல்லூரி கோல்ஃபுக்கு வருஷத்தில் இரண்டு சீசன். இலையுதிர் காலத்தில் ஒன்று, வசந்த காலத்தில் ஒன்று. நடுவில் ஓஹையோ மாதிரி ஊர்களில் மைதானமே பனிக்கடியில் போய்விடும். பையன்கள் மூன்று மாதம் கூரைக்கடியில் வலை கட்டி, அதற்குள்ளேயே பந்தை அடித்துக்கொண்டிருப்பார்கள். வலைக்குள் அடித்தால் எல்லாப் பந்தும் நேராகத்தான் போகும். நிஜம் தெரிவது வசந்தத்தின் முதல் போட்டியில்தான். அதனால்தான் வடக்கத்திக் கல்லூரிகள் மார்ச் லீவு விட்டதும் வேனைத் தெற்கே திருப்புகின்றன.

எங்கள் கல்லூரி என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாவது டிவிஷன். அதாவது, விளையாடுகிறான் என்பதற்காக ஒரு டாலர்கூட ஸ்காலர்ஷிப் தரக்கூடாது. டைகர் உட்ஸ் ஸ்டான்ஃபோர்டில் படித்து 1996-இல் தனிநபர் பட்டம் வாங்கினாரே, அது முதல் டிவிஷன், வேறு உலகம். எங்கள் பையன்கள் யாரும் டைகர் உட்ஸ் ஆகப் போவதில்லை. அது அவர்களுக்கே தெரியும்.

ஆனாலும் பாருங்கள், டீமில் இடம் பிடிக்க அத்தனை போட்டி! இருப்பது ஒன்பது பேர். வேனில் ஏறுவது ஐந்து பேர். அந்த ஐந்து பேரும் ஆடுவார்கள், ஆனால் ஒவ்வொரு நாளும் நல்ல ஸ்கோர் நாலைத்தான் கூட்டுவார்கள். ஐந்தாவதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நாள் பூராவும் எட்டு கிலோமீட்டருக்குக் குறையாமல் நடந்து, வியர்த்து விறுவிறுத்து ஆடியவனின் உழைப்பு கணக்கிலேயே வராது. ஆபீஸ்களில் வேலை பார்க்கும் நம் போன்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் ஐந்தாவது ஆள் கெமிஸ்ட்ரி படிக்கும் இரண்டாம் வருஷப் பையன். வேனில் கடைசி ஸீட். பேசவே மாட்டான். வேனில் ஏறுவது அவனுக்கு இதுதான் முதல் தடவை. பனி உருகிய இரண்டே நாளில் கோச் வைத்த தகுதி ஆட்டத்தில், ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் இடம் பிடித்தவன். ஊரில் விட்டுவந்த ஆறாவது பையன் செல்போனில் இவன் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டே இருப்பான் என்பது இவனுக்கும் தெரியும்.

கென்டக்கி, டென்னஸ்ஸி, ஜார்ஜியா என்று சுமார் 1,400 கிலோமீட்டர். அட்லாண்டாவைத் தாண்டும்போது கோச் ஒரு கதை சொன்னார். பாபி ஜோன்ஸ் அந்த ஊர்க்காரர். நம்மூர்ப் பிள்ளைகள் மாதிரியே மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்துவிட்டு, சம்பந்தமில்லாமல் ஹார்வர்டில் இலக்கியம் படித்து, கடைசியில் வக்கீல் ஆனவர். 1925 யு.எஸ். ஓப்பனில் நீளப் புல்லுக்குள் அவர் பந்து துளி நகர்ந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. அவரே சொல்லி, தனக்குத்தானே ஒரு அடி தண்டனை போட்டுக்கொண்டார். முடிவில் வில்லி மக்ஃபார்லேனோடு சமநிலை. மறு ஆட்டத்தில் தோற்றார். அந்த ஒரு அடி இல்லையென்றால் கோப்பை அவருக்குத்தான்.

எல்லாரும் இயர்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கதையை நான் ஒருவன்தான் கேட்கிறேன் என்று நினைத்தேன்.

போட்டிக்குப் பன்னிரண்டு கல்லூரிகள். இரண்டு நாள், நாளைக்குப் பதினெட்டு குழி. எல்லா கோஷ்டியும் ஆளுக்கொரு குழியில் போய் நின்றுகொள்ள, ஒரே நேரத்தில் சங்கு ஊதி ஆரம்பிக்கிறார்கள். ஒவ்வொருவன் ஸ்கோரையும் கூட ஆடும் எதிர் டீம் ஆள் எழுதுகிறான். நம்பவே முடியவில்லை! நம் கணக்கை எதிராளி எழுதுவதாவது!

முதல் நாள் எங்கள் ஆட்கள் 73, 75, 77, 78. கெமிஸ்ட்ரி 84. தூக்கிப் போட்டார்கள். தெற்கத்திப் பெர்முடா புல் சாய்ந்திருக்கும் பக்கமே பந்தை இழுக்கும். வடக்கத்திப் பையனுக்கு அது புரியவில்லை. ராத்திரி ஓட்டலில் யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். திட்டினாலாவது பதில் சொல்லலாம். புளியோதரையை நீட்டினேன். மூன்று தட்டு சாப்பிட்டான்.

இரண்டாம் நாள் அவன் பின்னாலேயே நடந்தேன். என்னமோ நன்றாக ஆடினான். கடைசிக்கு முந்தின குழியில் பந்து பைன் மரத்தடிக்குப் போயிற்று. குனிந்து ஒரு காய்ந்த ஊசியிலையை எடுத்தான். அப்படியே நின்றான். பிறகு கையைத் தூக்கி, நாற்பது கெஜம் தள்ளி நின்ற எதிராளியைக் கூப்பிட்டான்.

"பந்து நகர்ந்திடுச்சு."

"நான் பார்க்கலையே. நிச்சயமா?"

"நகர்ந்துச்சு."

அவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பந்தை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தான். விதிப்படி ஒரு அடி தண்டனை. டி.ஏ. பில் பார்த்துப் பழகிய என் மூளை, 'அட அசடே, யாருப்பா கேட்டா?' என்றது.

77 வரவேண்டியது 78. மற்றவர்கள் 74, 75, 76, கேப்டன் 79. தூக்கிப் போடப்பட்டது கேப்டனுடையது! ஐந்தாவது ஆளின் ஸ்கோர் முதல்முறையாகக் கணக்கில் ஏறியது. இரண்டு நாளும் 303, மொத்தம் 606. ஆறாவது இடம். ஐந்தாவதாக வந்த கல்லூரி 605.

கூட்டல் கழித்தலுக்குக் கால்குலேட்டர் தேவையில்லை. வேனருகே ஐந்து பேரும் மனசுக்குள் அந்த ஒன்றைக் கழித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பையன் தரையைப் பார்த்தான். கோச் ஸ்கோர் கார்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கேப்டன் முன் ஸீட் கதவைத் திறந்தான். அது எப்போதும் அவன் உட்காருகிற இடம். "நீ ஏறு" என்று கெமிஸ்ட்ரியிடம் சொல்லிவிட்டு, கடைசி ஸீட்டுக்குப் போய்க் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

அட்லாண்டா வரை யாரும் பேசவில்லை. ஊர் விளக்குகள் தெரிந்ததும் பையன் மெதுவாகக் கேட்டான்: "கோச், பாபி ஜோன்ஸ் வீடு எந்தப் பக்கம்?"

அடுத்த திங்கட்கிழமை கோச் பயணச் செலவு பில்லோடு என் மேஜைக்கு வந்தார். பெட்ரோல், ஓட்டல், சாப்பாடு, எல்லாவற்றுக்கும் ரசீது. கடைசி வரியில் மட்டும் 'ஐஸ் மூட்டை - 6 டாலர். ரசீது தொலைந்துவிட்டது' என்று எழுதியிருந்தார்.

ரசீது இல்லையென்றால் பணம் இல்லை. இரண்டு தேசங்களிலும் நான் விடாமல் காப்பாற்றி வந்த கொள்கை அது. கோச்சும் அதைத் தெரிந்துகொண்டு, அடித்துவிடுங்கள் என்கிற மாதிரி பேனாவை நீட்டினார்.

வாங்கிக் கையெழுத்துப் போட்டேன், ஐஸையும் சேர்த்து!