ஆள் இருக்கும் வீட்டை விற்கும்போது



வாடகைக்கு ஆள் இருக்கும் வீட்டை விற்க நினைக்கும் நம்மூர் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் மாமி தன் வாடகை வீட்டை விற்கப் போகிறா. மாமா மௌத்தாகி இரண்டு வருஷம். அந்தக் காசில்தான் இளைய மகளுக்கு வீடு கட்ட வேண்டும். கிழக்கில் அது என்ன பாரம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மாமி சொன்ன விலை ஒன்றரைக் கோடி. "பக்கத்து வளவு அப்படித்தானே போன" என்றா. குடியிருக்க வாங்குபவருக்கு அது சரிவரலாம். வாடகைக்காக வாங்குபவர் போடும் கணக்கு வேறு.

மாத வாடகை 45,000. வருஷத்துக்கு 540,000. ஒரு மாதம் ஆளில்லாமல் கிடந்தால் 45,000, பெயின்ட், மோட்டர், கூரை, சோலைவரிக்கு 55,000. கழித்தால் மிச்சம் 440,000. ஒன்றரைக் கோடிக்கு அது மூன்று வீதமும் இல்லை. 4 வீதம் போதும் என்பவர் 1 கோடி 10 இலட்சம் தருவார். 5 வீதம் கேட்பவர் 88 இலட்சத்தில் நிற்பார். வட்டி எடுக்காத நம்மவர்கள் வங்கி வைப்போடு ஒப்பிடமாட்டார்கள். ஆனால் அதே காசைக் கடையில் போட்டால் என்ன வரும் என்று கட்டாயம் பார்ப்பார்கள்.

முத்திரைத் தீர்வையும் வாங்குபவர் தலையில்தான். முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 1 கோடி 10 இலட்சத்துக்கு 439,000 வருகிறது. முதல் வருஷ வருமானம் அதோடு சரி.

தரகர் ஒரு வழி சொன்னார்: ஒப்பந்தத்தில் வாடகையை 60,000 என்று மாற்றி எழுதுவோம், ஒன்றரைக் கோடி தானாக வரும். கணக்குப்படி வரும்தான். ஆனால் இல்லாத வாடகையை நம்பி ஒருவர் காசைக் கொட்டுவார். பிறகு அந்த 60,000ஐ வீட்டில் இருக்கும் குடும்பத்திடம்தான் கேட்பார். அந்தப் பிள்ளைக்கு நான்தான் எட்டாம் வகுப்பில் சதவீதம் படிப்பிக்கிறேன். வேண்டாம் என்றேன். மாமியும் ஒத்துக்கொண்டா.

இன்னொன்று. நம் நாட்டு உரோமன் டச்சுச் சட்டப்படி, வீடு கைமாறினாலும் நடப்பிலுள்ள வாடகை ஒப்பந்தம் முறிந்துவிடாது. வாங்குபவர் அதையும் சேர்த்தே வாங்குகிறார். குடியிருப்பவர் தந்த அட்வான்ஸை யார் திருப்பிக் கொடுப்பது என்பதை நொத்தாரிசு முன் எழுத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு இரண்டு பக்கமும் கைவிரிப்பார்கள்.

மாமிக்கு இப்போது இரண்டு வழி. உண்மை வாடகையைக் காட்டி 1 கோடி 10 இலட்சத்துக்கு விற்பது. அல்லது ஒப்பந்தம் முடியும் வரை பொறுத்து, குடியிருக்க வருபவருக்குக் காணி விலையில் கொடுப்பது. மகளின் கல்யாணம் பொறுக்குமா என்பதுதான் கேள்வி. விலையைத் தீர்மானிப்பதும் அதுதான்.