தரையில் இருந்தவர்

என் அக்கா தமது இறுதி ஆண்டுகளை அமெரிக்க நகரொன்றிலுள்ள முதியோர் பராமரிப்பு இல்லத்திலே கழித்தார். மகளுடன் வாழச் சென்றவர். மகளும் மருமகனும் வேலைக்குப் போக, முடிவில் இல்லமே கதியாயிற்று. நான் அவரைப் பார்க்கச் சென்றிருந்த ஒரு மாலையில், கட்டிலிலிருந்து மெல்லச் சறுக்கித் தரையில் இருந்துவிட்டார். காயமில்லை, நோவுமில்லை. எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

நான் கைகொடுக்கக் குனிந்தேன். பணிப்பெண் தடுத்தாள். விழுந்தவரைக் கையால் தூக்குவது இல்லத்தின் விதிக்கு மாறானதாம். அவள் தொலைபேசியில் அழைத்தது தீயணைப்புப் படையை! சிறிது நேரத்தில் செந்நிற வண்டி வாசலில் வந்து நின்றது. நால்வர் இறங்கினர், இருவர் அக்காவை இதமாகத் தூக்கிக் கட்டிலில் இருத்தினர். எங்கும் தீயில்லை, புகையுமில்லை. "என்னால் எத்தனை பேருக்குத் தொல்லை!" என்று அக்கா கூனிக் குறுகினார்.

அந்நாட்டின் நகரசபைகள் பல, அவசரமற்ற இத்தகைய அழைப்புகளுக்குப் பராமரிப்பு இல்லங்களிடம் கட்டணம் அறவிடத் தொடங்கியுள்ளன. ஓர் அழைப்புக்குச் சில நூறு டொலர் விதிக்கும் நகரங்களும் உண்டு. அவற்றின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அந்த வண்டி இல்லத்து வாசலில் நிற்கும் வேளையில் வேறொரு வீடு பற்றி எரியலாம். வேறொருவரின் இதயம் நின்றுபோகலாம். குடும்பங்களிடம் மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் டொலர் வாங்கும் நிறுவனம், தன் கடமையை மக்களின் வரிப்பணத்தில் இயங்கும் படையின் தோளில் ஏற்றுகிறது. இலாபம் தனியாருக்கு, சுமை பொதுமக்களுக்கு. ஆகவே கட்டணம் நியாயமே.

ஆயினும் குற்றவாளி அந்தப் பணிப்பெண் அல்லள். நோயாளரைத் தூக்கித் தூக்கியே முதுகு கெட்டவர்கள் அத்தொழிலில் ஏராளம். நோயாளரைத் தூக்கும்போது ஒருவரின் கைகள் ஏற்கும் பாரம் 35 இறாத்தலுக்கு மேற்படலாகாது என 2007இல் அந்நாட்டுத் தொழிற் பாதுகாப்பு ஆய்வாளர் பரிந்துரைத்தனர். அதற்கு மேல் வேண்டியவை தூக்கும் பொறியும் துணைக்கு இன்னொருவரும். அன்று மாலை அக்கூடத்திலிருந்த பத்துப் பதினைந்து முதியோருக்கும் அவள் ஒருத்திதான். விதி அவள் முதுகைக் காத்தது. இரண்டாமவரை வேலைக்கு அமர்த்தும் செலவிலிருந்து முதலாளியையும் காத்தது.

நான் அஞ்சுவது வேறொன்று. அந்தக் கட்டணம் யார் தலையில் விழும்? மாதச் சிட்டையில் ஒரு வரியாக அது சேர்ந்தால், விழுந்த கிழவியே தான் விழுந்ததற்குத் தண்டம் கட்டுகிறாள். செலவுக்கு அஞ்சி இல்லம் அழைப்பைத் தாமதித்தாலோ, அவள் குளிர்ந்த தரையில் மணிக்கணக்கில் கிடக்க நேரும். அவ்வாறு கிடப்பதே தோலையும் தசையையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

எனவே கட்டணம் மட்டும் போதாது. அதை முதியோர்மீது சுமத்தாதபடி தடையும், போதிய பணியாளரை அமர்த்தும் கட்டாயமும் வேண்டும். தாதிமை இல்லங்களில் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 3.48 மணி நேரப் பராமரிப்பு வேண்டுமென 2024இல் கூட்டாட்சி அரசு விதித்தது. இல்ல உரிமையாளரின் சங்கம் வழக்காடிற்று. 2025இல் டெக்சாஸிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அவ்விதியை நீக்கிற்று. மனிதக் கைகளுக்குச் செலவிட மறுப்பவர்கள் வழக்கறிஞருக்குச் செலவிடத் தயங்கவில்லை.

அக்கா இன்று இல்லை. அன்று வெட்கப்பட வேண்டியவர் அவரல்லர் என்று அவரிடம் சொல்லாமல் வந்துவிட்டேனே என்பதுதான் என் மனக்குறை.