அக்காவின் ஈமெயில் வந்த வழி

இன்டர்நெட் ஆகாயத்திலிருந்து வருகிறது என்றுதான் பல வருஷம் நினைத்திருந்தேன். நெட் வரவில்லை என்றால் மயிலாப்பூர் வீட்டு மொட்டை மாடிக்குப் போய், மேகமூட்டமாக இருக்கிறதா என்று பார்த்தவன் நான். சிரிக்காதீர்கள்.

என் அக்கா 1965-இல் புதுச்சேரியை விட்டுப் போனாள். அத்தான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா. கப்பல் சூயஸ் கால்வாய் வழியாக மார்சேய் போனது. இருவரும் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள், அதனால் கடிதமும் பிரெஞ்சில்தான். பிற்பாடு ஈமெயில்.

2008 ஜனவரி கடைசியில் அவளுக்கு இருதய ஆபரேஷன். முடிந்ததும் மகன் எழுதுவான் என்றாள். 30-ஆம் தேதி ஈமெயில் பக்கமே திறக்கவில்லை. மறுநாளும் அப்படியே. அவர்கள் வீட்டு போனை யாரும் எடுக்கவில்லை. என் மனம் போகாத இடமில்லை.

பிறகுதான் பேப்பரில் பார்த்தேன். எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கடலடியில் இரண்டு கேபிள்கள் அறுந்துவிட்டனவாம். அதில் ஒன்று ஸீ-மீ-வீ 4. சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, நம் சென்னையில் கரையேறி, சூயஸ் தாண்டி மார்சேய் வரை போகிறது. சுமார் 18,800 கிலோமீட்டர். உள்ளே தலைமுடி கனத்தில் கண்ணாடி இழைகள். அவற்றில் வெளிச்சமாக ஓடுகிறது நம் கடிதம். அக்கா கப்பலில் போன அதே வழி!

கேபிள் அறுந்தால் கடிதம் எப்படி வரும்? பக்கத்து வீட்டுப் பையன் விளக்கினான். எனக்கு எங்கள் ஆபீஸ் டெஸ்பாட்ச் செக்‌ஷன் நினைவுக்கு வந்தது. ஒரு ஃபைலைத் தாள் தாளாகப் பிரித்து, ஒவ்வொரு தாளிலும் விலாசமும் வரிசை எண்ணும் போட்டு அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மவுண்ட் ரோடு வழியாகப் போகும், இன்னொன்று பீச் ரோடு வழியாக. வழியில் இருப்பவர்கள் விலாசத்தை மட்டும் பார்த்து அடுத்த ஆளிடம் தள்ளிவிடுவார்கள். சேருமிடத்தில் எண்படி அடுக்குவார்கள். ஏழாம் தாள் வரவில்லையென்றால் அதை மட்டும் திரும்பக் கேட்டு வாங்குவார்கள். ஒரு தெரு அடைபட்டால் வேறு தெரு. கூட்டம் நெரியும், தாமதமாகும், ஆனால் அடியோடு நின்றுபோகாது. அன்று பல கடிதங்கள் அமெரிக்காவைச் சுற்றி, சிங்கப்பூர் வழியாகத்தான் வந்தனவாம்.

பிப்ரவரி 2-ஆம் தேதி பக்கம் திறந்தது. 30-ஆம் தேதி எழுதிய ஈமெயில் காத்திருந்தது. ஒரே வரி: "து வா பியென்." எல்லாம் நலம்.

அதன்பின் அக்கா எட்டு வருஷம் இருந்தாள். அந்த ஒரு வரியை பிரிண்ட் எடுத்து, அவளுடைய பழைய கடிதக் கட்டோடு வைத்திருக்கிறேன்.