23 கிலோவுக்குள் ஒரு புதுச்சேரி

ஆகஸ்ட் கடைசி வாரம் வந்துவிட்டால் புதுச்சேரியில் சில வீடுகளில் தூக்கம் குறைந்துவிடும். ஜூலையில் பிரான்ஸிலிருந்து விடுமுறைக்கு வந்த மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும், செப்டம்பரில் பள்ளி திறப்பதற்குள் திரும்பியாக வேண்டும். கூடத்தின் நடுவே பெரிய பெட்டிகள் வாய் பிளந்து கிடக்கும். ஒரு பக்கம் ஆயா மிளகாய்த்தூளைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருப்பார். இன்னொரு பக்கம் மருமகன் கையில் கொக்கித் தராசோடு நிற்பார். இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பது மகள்தான்.

"இன்னும் ரெண்டு கிலோதாம்மா எடம் இருக்கு."

"ரெண்டு கிலோவுல வடகம் வைக்கிறதா, கருவாடு வைக்கிறதா? நீயே சொல்லு."

முத்தியால்பேட்டையிலும் லாஸ்பேட்டையிலும் வருஷா வருஷம் நடக்கும் பேச்சு இது.

இந்த ஊருக்கும் வெளிநாட்டுப் பெட்டிக்கும் உள்ள உறவு பழையது. 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரியின் நிர்வாகம் பிரான்ஸிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல் நடந்தது. விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள அந்த ஒப்பந்தம் இடம் கொடுத்தது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களை இங்கே 'சொல்தா' என்பார்கள். ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலை போர் நினைவிடத்துக்குப் போனால், பதக்கங்களைக் குத்திக்கொண்டு விறைப்பாக நிற்கும் பெரியவர்களைப் பார்க்கலாம்.

அவர்களுக்கு முந்தைய தலைமுறை சைகோனுக்குக் கப்பல் ஏறிய தலைமுறை. கடலுக்குள் நீண்டிருந்த பழைய இரும்புப் பாலம் 1952 புயலில் போய்விட்டது. வாரக்கணக்கில் ஊர்ந்து போகும் கப்பலுக்கு ஓர் இரும்பு டிரங்குப் பெட்டி பெரிய பாரமில்லை. விமானம் அப்படியல்ல. ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவும் எரிபொருள் கணக்கில் வரும். அதனால்தான் பேரப்பிள்ளைகளுக்கு ஆயா கட்டிக் கொடுக்கும் முறுக்கைக்கூட நிறுத்துப் பார்க்கிறார்கள்.

எடையா, எண்ணிக்கையா?

பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். விமான நிறுவனங்கள் இரண்டு விதமாகக் கணக்குப் போடுகின்றன. ஒன்று மொத்த எடைக் கணக்கு: ஆளுக்கு 30 கிலோ என்றால், ஒரே டிக்கெட் பதிவில் இருக்கும் மூன்று பேருக்கு 90 கிலோ. அதைப் பல நிறுவனங்களில் பெட்டிகளுக்குள் எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். இன்னொன்று எண்ணிக்கைக் கணக்கு: ஆளுக்கு ஒரு பெட்டி அல்லது இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோவுக்குள்.

இரண்டாவது முறையில், ஒரு பெட்டி 27 கிலோ, அடுத்தது 19 கிலோ என்று இருந்தால் கூட்டினால் 46தானே என்று வாதாட முடியாது. 27 கிலோ பெட்டிக்குத் தனியாகக் கட்டணம் கேட்பார்கள். 19 கிலோ பெட்டியில் காலியாக இருக்கும் நான்கு கிலோவுக்கு யாரும் தள்ளுபடி தரமாட்டார்கள். கவுன்டர் முன்னால் தரையில் உட்கார்ந்து, எல்லார் பார்க்கவும் துணிமணியை வெளியே எடுத்துப் பெட்டி மாற்றும் குடும்பங்களில் பாதிப் பேர் இந்தக் கணக்கில் விழுந்தவர்கள்தான். வீட்டிலேயே சமமாகப் பிரித்திருந்தால் செலவே இல்லை.

எந்த முறையானாலும் ஒரே பெட்டியில் 32 கிலோவுக்கு மேல் பொதுவாக வாங்கமாட்டார்கள். பணம் கட்டுகிறேன் என்றாலும் நடக்காது. அதைத் தூக்கி வைப்பவரும் மனிதர்தானே. அவர் முதுகுக்காக வந்த விதி அது. அளவும் உண்டு: நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ. தாண்டக்கூடாது என்பது பரவலான கணக்கு. சக்கரமும் கைப்பிடியும் சேர்த்துத்தான் அளப்பார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு குழப்பம் வரும். இரண்டு வயது நிரம்பி, தனி இருக்கை எடுத்த பிள்ளைக்குப் பெரியவர்களுக்கு உள்ள அதே அளவு கிடைப்பதுதான் வழக்கம். அம்மா மடியில் போகும் கைக்குழந்தைக்குச் சில நிறுவனங்கள் 10 கிலோ தரும், சில எதுவுமே தராது. தள்ளுவண்டியைப் பெரும்பாலும் இலவசமாக ஏற்றிக்கொள்வார்கள். டிக்கெட்டில் 'பேக்கேஜ்' என்ற வரிக்குப் பக்கத்தில் 1பிசி, 2பிசி என்றிருந்தால் எண்ணிக்கைக் கணக்கு. 30கே என்றிருந்தால் எடைக் கணக்கு. அந்த ஒரு வரியைப் படிக்காமல்தான் பலரும் பெட்டி வாங்கப் போகிறார்கள்.

லாஸ்பேட்டையில் ஒரு பொறி

புதுச்சேரிக்கு என்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. லாஸ்பேட்டையில் சிறிய விமான நிலையம் இருக்கிறது. ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான் என்பதால் ஏடிஆர் போன்ற சிறிய விமானங்கள்தான் இறங்கும். 2024 டிசம்பரில் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் சேவை மீண்டும் தொடங்கியபோது பலருக்கும் ஒரு யோசனை வந்தது: சென்னைக்கு எதற்குப் போக வேண்டும், வீட்டுப் பக்கத்திலேயே ஏறி, பெங்களூரு போய், அங்கிருந்து பாரிஸ் விமானத்தைப் பிடித்தால் என்ன?

நல்ல யோசனைதான். இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கும்வரை. முழு வழிக்கும் ஒரே டிக்கெட் என்றால் வெளிநாட்டுப் பயணத்துக்கான அளவே பொதுவாக முதல் விமானத்துக்கும் பொருந்தும். மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டையும் தனித்தனியாக வாங்கினால், லாஸ்பேட்டையில் நீங்கள் சாதாரண உள்நாட்டுப் பயணி. சாதாரண வகுப்பில் 15 கிலோ பெட்டி, கையில் 7 கிலோ பை. அவ்வளவுதான். 46 கிலோவோடு போய் நின்றால் மிச்சம் 31 கிலோவுக்குக் கட்ட வேண்டும், அதுவும் தலைக்கு. உள்நாட்டில் கூடுதல் எடைக்குக் கிலோவுக்குச் சில நூறு ரூபாய் கேட்பார்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு அதைப் பெருக்கிப் பார்த்தால், சென்னைக்கு டாக்ஸி வைத்துப் போவது மலிவு என்று தெரியும். டாக்ஸிக்காரர் பெட்டியை எடை போடமாட்டார்.

அவருக்கும் ஓர் எல்லை இருக்கிறது. சின்ன காரின் டிக்கியில் கேஸ் சிலிண்டர் இருந்தால் பெரிய பெட்டி இரண்டுகூடப் போகாது. ஆறு பெட்டி என்றால் மேலே கேரியர் உள்ள பெரிய வண்டி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையோ திண்டிவனம் வழியோ, எப்படிப் போனாலும் மூன்று மணி நேரம் கணக்கு வைக்கலாம். தாம்பரத்துப் பக்கம் நெரிசலுக்குக் கூட ஒரு மணி நேரம்.

கருவாடு போகும், நெய் போகாது

இந்த ஊர் அம்மாக்களுக்கு நம்பிக்கையே வராத விதி ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள், வெளியிலிருந்து வரும் பயணி இறைச்சியும் பால்பொருளும் கொண்டுபோகக்கூடாது. ஆகவே வீட்டில் வெண்ணெய் காய்ச்சி, முருங்கைக்கீரை போட்டு இறக்கிய மணமான நெய்க்கு அனுமதி இல்லை. சொந்த உபயோகத்துக்கு மீன் 20 கிலோ வரை கொண்டுபோகலாம். காய்ந்த மீனும் அதில் சேரும். அதாவது நாற்றம் அடிக்கும் என்று மருமகன் பயப்படுகிற கருவாடு சட்டப்படி உள்ளே போகும். வாசனையான நெய்தான் குப்பைத்தொட்டிக்குப் போகும்! இரண்டு மூன்று உறையில் காற்றுப் புகாமல் கட்டாவிட்டால், பாரிஸில் இறங்கியபின் பட்டுப்புடவையும் கருவாடும் ஒரே வாசனையில் இருக்கும் என்பது வேறு விஷயம்.

பச்சைக் காய், பழம், கீரைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. மாம்பழமும் கொல்லையில் பறித்த கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் பிடிபட்டால் பறிபோகும். தேங்காய் அங்கே போகலாம் என்பதற்காகக் கொப்பரையை வைத்துவிடாதீர்கள். எண்ணெய்ப்பசை உள்ள கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்பதால், நம் விமான நிலையங்களிலேயே பெட்டியில் வைக்கத் தடை இருக்கிறது.

ஊறுகாயும் நல்லெண்ணெயும் பெரிய பெட்டிக்குள்தான். கைப்பையில் திரவமும் குழைவான பொருளும் 100 மி.லி. தாண்டக்கூடாது. பவர் பேங்க் இதற்கு நேர் எதிர். அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் வைத்தால் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள்.

மேசை மேல் வைக்கும் கிரைண்டர் கேட்கும் மகள்களும் இருக்கிறார்கள். கல்லோடு சேர்த்தால் அது பத்துக் கிலோவைத் தாண்டும். பாதிப் பெட்டி அதற்கே சரி. கல்லை ஒரு பெட்டியிலும் பாத்திரத்தை இன்னொன்றிலுமாகப் பிரித்து வைக்கும் சாமர்த்தியம் பலருக்குப் பழகிவிட்டது.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

முதல் மிச்சம் பெட்டியிலேயே இருக்கிறது. பளபளக்கும் பெரிய கெட்டிப் பெட்டி காலியாகவே நான்கு, ஐந்து கிலோ இருக்கும். துணிப் பெட்டி என்றால் ஒன்றிரண்டு கிலோ குறையும். ஆறு பெட்டிக்கு அது ஆயாவின் மொத்த வடகத்துக்கும் இடம். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் பைகளில் ஜிப்பை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட வேண்டும். துபாய் வழியாகப் போகிறவர்கள் துணி மூட்டை போல் உருண்டையாகக் கட்டக்கூடாது. ஒரு பக்கமாவது தட்டையாக இல்லாத சுமையை அந்த விமான நிலையத்தில் மறுப்பார்கள்.

கொக்கித் தராசு இல்லாவிட்டால், ஆள் நிற்கும் எடைமேடை போதும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை, வெறுங்கையோடு ஒரு முறை ஏறி, வித்தியாசத்தைப் பார்க்கலாம். தராசுக்குத் தராசு கொஞ்சம் மாறும், அதனால் 22 கிலோவில் நிறுத்திக்கொள்வது நல்லது.

எப்படியும் கூடும் என்று தெரிந்தால், கவுன்டருக்குப் போகுமுன் இணையத்தில் கூடுதல் பெட்டிக்குப் பணம் கட்டிவிட வேண்டும். பெரும்பாலான நிறுவனங்களில் முன்கூட்டி வாங்கினால் விலை குறைவு. ஐரோப்பாவுக்கு ஒரு கூடுதல் பெட்டி 100 யூரோ, அதற்கு மேலும் ஆகலாம். உள்ளே இருப்பது இட்லி அரிசியும் ரவையும் என்றால் யோசிக்க வேண்டும். பாரிஸில் லா சப்பல் பகுதிக்குப் போனால் தமிழ்க் கடைகளில் அரிசி, முருங்கைக்காய், அப்பளம் எல்லாமே கிடைக்கின்றன. அங்கே கிடைக்காதது ஆயா கையால் இடித்த மிளகாய்த்தூளும் மொட்டை மாடியில் காய்ந்த வடகமும்தான். பெட்டியில் முதல் இடம் அவற்றுக்கு. அரிசிக்கு வேண்டாம்.

இந்த வீட்டில் அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி வந்துவிட்டது. கடைசி எடை 22.6 கிலோ. நெய்ப் பாட்டில் மேசை மேலேயே இருந்தது.

"வச்சிட்டுப் போ. நாளைக்குப் பக்கத்து வீட்டுப் புள்ளைங்களுக்கு தோசை ஊத்திக் குடுத்துடறேன்" என்றார் ஆயா.

மருமகன் பெட்டிகளை எண்ணி ஏற்றினார். பேத்தி ஜன்னல் வழியாகக் கையசைத்தாள். அவளுடைய முதுகுப் பையின் பக்கவாட்டில், யாரும் எடை போடாத ஒரு காகிதப் பொட்டலம் துருத்திக்கொண்டிருந்தது. வடகமா முறுக்கா என்று வண்டி திண்டிவனம் தாண்டும்வரை யாரும் பார்க்கவில்லை.