குனியாமல் பெருக்குகிறேன்!

இடுப்புப் பிடிப்பு வந்ததிலிருந்து டாக்டர் ஒரே பாட்டு: “குனியாதீங்க.” குனியாமல் வீடு பெருக்குவது எப்படியாம்? என் பிள்ளை தோசைக்கல் மாதிரி வட்டமாக ஒரு மெஷின் வாங்கி வந்தான். தானே ஓடிப் பெருக்குமாம்!

முதல் நாள் அது வைஃபையோடு சேரவே மாட்டேன் என்றது. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகுதான் தெரிந்தது, அதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான் ஒத்துவருமென்று. எங்கள் போன் 5-இல் இருந்தது. மாற்றியதும் சமர்த்தாகக் கிளம்பி, வீடு முழுக்கச் சுற்றி வரைபடமே போட்டுக்கொண்டது. பூஜை அறையை மட்டும் போனில் கோடு போட்டு அடைத்துவிட்டேன். கோலத்தை அழித்துவிடுமே!

கட்டிலடித் தூசியெல்லாம் வருகிறது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் சகோதரிகளே, பிரஷ்ஷில் சுற்றிய தலைமுடியை வாரம் ஒரு தடவையாவது கத்தரித்து எடுக்க வேண்டும். மாமியாரின் தோட்டுத் திருகாணி காணாமல் போனபோது, அதன் குப்பை டப்பாவைப் பேப்பரில் கொட்டிப் பார்த்தேன். இருந்தது! வயிற்றில் பால் வார்த்த மாதிரி ஆயிற்று.

தரையில் ஒயரோ சாக்ஸோ கிடந்தால் இழுத்துச் சுற்றிக்கொண்டு நின்றுவிடும். “கீழே போடாதீங்க” என்று இருபது வருஷமாக நான் கத்தினேனே, யார் கேட்டார்கள்? இப்போது எங்க வீட்டுக்காரர் சார்ஜர் ஒயரைச் சுருட்டி மேலே வைக்கிறார். “பாவம், அது மாட்டிக்கும்” என்கிறார். என் இடுப்புக்கு இரங்காதவர்! ஆத்திரமாகத்தான் வந்தது.

இப்போதெல்லாம் மெஷின் ஓடாத நாளிலும், “போடப் போறேன்” என்று காலையில் ஒரு குரல் கொடுத்துவிடுகிறேன்.