வாஷர் போட்டு மறைக்காதீங்க

1961 முதல் நம்ம சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார். அதோட ஃபெண்டர்ல வேற கண்ணாடி மாட்டுறதுக்காக யாரோ ஓட்டையைப் பெருசாக்கி வெச்சிருக்காங்க. மனசே ஆறலை. பெரிய வாஷர் போட்டா போல்ட் நிக்கும்தான். ஆனா வண்டி அதிர அதிர தகடு ஓரத்துல விரிசல் விடும். பட்டி போட்டு அடைச்சா இன்னும் மோசம், ஈரம் தங்கி துரு அரிச்சுடும்.

டிங்கரிங் அண்ணன் செஞ்சதைப் பக்கத்துல நின்னு பார்த்தேன். தகடு பளபளன்னு தெரியுற வரைக்கும் பெயின்ட்டைத் தேய்ச்சார். ஓட்டைக்குப் பின்னாடி செம்புத் தகடு வெச்சார்; வெல்டிங் அதுல ஒட்டாது, சூட்டையும் இழுத்துக்கும். ஓரத்துல ஒரு வெல்டிங் பொட்டு, ஆறவிட்டு எதிர்ப்பக்கம் இன்னொண்ணு. அவசரப்பட்டா தகடு நெளிஞ்சிடும். ஓட்டை அடைஞ்சதும் ராவி, பஞ்ச் அடிச்சு, சரியான அளவுல புதுசா துளைச்சார். உள்பக்கமும் பிரைமர் அடிக்கச் சொல்லுங்க, நிறைய பேர் அதை விட்டுடுறாங்க.